முதுகில் ஓர் ஊசி, வாயில் ஒரு பூட்டு

மார்ச் 4

என் அருமை ஊமைக்கோட்டானுக்கு,

அண்ணி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்துக் கோழி கிளறியதோ என்று பயந்துவிடாதே. ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடியவளுக்கு இவ்வளவுதான் வரும். நீ நூலகத்தில் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள். உனக்கு வேலை கொடுத்த மகராசன் ஆளைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறான், பேசவே கூடாத இடத்தில்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று கேட்பாய். போனில் உன்னை எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லை அண்ணி" என்கிறாய், வைத்துவிடுகிறாய். காகிதத்தில் "ஒண்ணுமில்லை" என்று மட்டும் எழுதித் தபால்தலை ஒட்ட உனக்கே வெட்கமாக இருக்கும். அதனால்தான்.

முதலில் என் கால் கதை. எங்கள் கேன்டீனில் மேல்தட்டிலிருந்து பெரிய அண்டாவை இறக்க ஸ்டூல் மேல் ஏறினேன். ஸ்டூல் ஒரு பக்கம், அண்டா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அண்டாவுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் கணுக்கால் உடைந்தது. ஓடிவந்த உன் அண்ணன் முதலில் அண்டாவைத்தான் நிமிர்த்தி வைத்தார். கேட்டால், "அது உருண்டு உன் மேல வந்துடக் கூடாதேன்னுதான்" என்கிறார். இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்த எனக்குத் தனியாக ஒரு பென்ஷன் கொடுக்க வேண்டும்.

தகடு வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். முதுகில் ஒரு ஊசி போட்டார்கள், அவ்வளவுதான், இடுப்புக்குக் கீழே இருப்பது என்னுடையதா பக்கத்துக் கட்டில்காரியுடையதா என்று தெரியவில்லை. மயக்க டாக்டர் ஒரு சின்னப் பெண். "அம்மா, காலைத் தூக்குங்க பார்ப்போம்" என்றாள். "நீங்களே தூக்கிக்கோங்கம்மா, இப்ப அது உங்க கால்தான்" என்றேன். முகமூடிக்குள்ளேயே சிரித்துவிட்டாள்.

இதையெல்லாம் போன வாரம் போனில் உன்னிடம் சொல்ல ஆரம்பித்தேன். "முதுகுல ஊசி" என்றதுமே "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டாய். ஒரு கேன்டீனுக்கே சமைக்கிறவளிடம் பால் கதை சொல்கிறாய்! உனக்கும் அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம், அதுவும் ஆபரேஷன்தான் என்று நாள் குறித்துவிட்டார்கள். அதே ஊசிதான் உனக்கும். என்னவோ இருக்கிறது. எழுது.

காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்,
உன் அண்ணி

—

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கால் வலி குறைந்ததா? அண்ணன் சமையல் எப்படி? மூத்தவள் உங்கள் காலில் ஆணி அடித்திருப்பதைக் கேட்டுவிட்டு, படம் மாட்டலாமா என்று கேட்கிறாள்.

நான் நன்றாக இருக்கிறேன். குழந்தை நன்றாக அசைகிறது.

இதற்கு மேல் எழுதாமல் மடித்து உறையில் போட்டுவிட்டேன். பிறகு நீங்கள் சொன்ன தபால்தலை நினைவுக்கு வந்தது. உறையைப் பிரித்துத் திரும்ப எழுதுகிறேன்.

அண்ணி, மூத்தவள் பிறந்தபோது நான் செத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஊசி போட்டு மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். கால் கனத்தது. கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் புரட்டியது. காது அடைத்துக்கொண்டு, பேசுகிறவர்கள் எல்லாரும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. தலைமாட்டிலிருந்த டாக்டர் குனிந்து, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணுமில்லை சார்." அப்பா எங்களை அப்படித்தான் வளர்த்தார். பக்கத்திலிருப்பவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது. அங்கே அத்தனை பேரும் மும்முரமாக இருந்தார்கள்.

அதற்குப் பிறகு பிரஷர் விழுந்துவிட்டது என்று யாரோ சொன்னதும், என் வாயைத் துடைத்ததும் ஞாபகம் இருக்கிறது. மற்றதெல்லாம் கிழிந்த துணி மாதிரி. நன்றாகக் கண் திறந்தபோது வார்டில் இருந்தேன். தொட்டிலில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இதுதான் உன் மகள் என்றார்கள். சரி என்றேன். அவள் பிறந்த சத்தத்தை நான் கேட்கவில்லை. எல்லாப் பெண்களும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

இந்தத் தடவை என்னை மொத்தமாகத் தூங்கவைத்துவிடச் சொல்லிக் கேட்கப்போகிறேன். சத்தம் கேட்காவிட்டால் போகட்டும். அந்த மங்கல் இன்னொரு தடவை எனக்கு வேண்டாம். அவரிடமும் மாமியாரிடமும் சொல்லவில்லை. மயக்க டாக்டரைப் பார்க்க 20-ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் கேட்டால், ஊசி என்றால் பயம் என்று சொல்லிக்கொள்வேன்.

இதை அண்ணனுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

உங்கள்
நாத்தனார்

—

மார்ச் 12

அடி என் தங்கமே,

உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டவில்லை. எதையும் உட்கார்ந்து கேட்கிற நிலையில் அவரும் இல்லை. சோறு வடிக்கிறேன் என்று குழைத்து, அதைக் கஞ்சி என்று பெயர் மாற்றி, எனக்கே பரிமாறுகிறார்.

இத்தனை வருஷம் இதைத் தனியாகவா சுமந்துகொண்டு திரிந்தாய்? உன்னைத் திட்ட வாய் வரை வந்தது. பிறகு உன் கடுதாசியைத் திரும்பப் படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். கால் வலி என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பார், நானும் உன்னோடு சேர்ந்து கெட்டுப்போகிறேன்.

நேற்றுக் கட்டு மாற்றப் போனபோது அந்தச் சின்ன மயக்க டாக்டரை வராந்தாவில் மடக்கினேன். ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டிவிட்டேன், பாவம், எங்கே போவாள்? "என் நாத்தனாருக்கு இப்படி ஆச்சும்மா, ஏன் ஆச்சு?" என்றேன். அவள் என் பெஞ்சிலேயே உட்கார்ந்து சொன்னாள். நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன்.

மாடி வீட்டில் நீ குளித்துக்கொண்டிருக்கிறாய். கீழ் வீட்டில் அத்தனை குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் உன் குழாயில் என்ன வரும்? காற்றுதான் வரும். அந்த ஊசி வலியை மட்டும் நிறுத்துவதில்லையாம். கால் பக்கத்து ரத்தக் குழாயையெல்லாம் தளர்த்தி விட்டுவிடுமாம். ரத்தம் கீழேயே தங்கிவிடும், மேலே வருவது குறையும், பிரஷர் இறங்கும். அதுதான் உன் புரட்டல், உன் காதடைப்பு, உன் மங்கல். இது போதாதென்று, நிறைமாதத்தில் மல்லாக்கப் படுத்தால் வயிற்றின் பாரம் முதுகுப் பக்கம் இருக்கிற பெரிய ரத்தக் குழாயை அழுத்துமாம். பத்துப் பேரில் பாதிப் பேருக்கு மேல் இப்படிக் கொஞ்சமாவது இறங்கும் என்கிறாள். நீ என்னமோ உனக்கு மட்டும் எமன் தனியாக ஆள் அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

"இதைத் தடுக்க முடியாதாம்மா?" என்றேன். "முழுசாத் தடுக்க முடியும்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா. ஆனா நிறையத் தடுக்கலாம், விழ ஆரம்பிச்சா உடனே பிடிச்சுடலாம்" என்றாள். ஊசி போடுகிற நேரத்திலேயே குளுக்கோஸ் மாதிரி ஒரு பாட்டிலை வேகமாக விடுவார்களாம். ரத்தக் குழாயை இறுக்குகிற மருந்து ஒன்றை, பிரஷர் விழட்டும் என்று காத்திருக்காமல், ஊசி போட்ட கையோடு மிஷினில் வைத்துச் சிறிது சிறிதாக ஏற்றுவார்களாம். வலது இடுப்புக்கு அடியில் ஒரு திண்டு வைத்து இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைப்பார்களாம். கையில் பட்டை கட்டி அடிக்கடி பிரஷர் பார்ப்பார்களாம்.

பிறகு அவள் சொன்னதுதான் முக்கியம். "மிஷின் காட்டறதுக்கு முன்னாடியே சில பேருக்கு வயித்தைப் புரட்டும். அதை அவங்க சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும். போன தடவை நடந்ததை உங்க நாத்தனார் அவங்க டாக்டர்கிட்ட ஒண்ணு விடாம சொல்லணும். மொத்தமா மயக்கறதா வேண்டாமான்னு அதைக் கேட்டுட்டு அவர் முடிவு பண்ணட்டும்."

கேட்டாயா? சொல்லணுமாம். உன்னைப் போய் நான் எப்படிச் சொல்லவைப்பது? கல்லில் நார் உரிக்கிற வேலை.

இன்னொன்று. இது டாக்டர் சொன்னதில்லை, என் சொந்த யோசனை. கேன்டீனில் யாருக்காவது தலை சுற்றினால் உப்புப் போட்ட தண்ணீரைத்தான் கொடுப்போம், சட்டென்று தெளிந்துவிடும். பிரஷர் இறங்குவதுதானே உன் கஷ்டம்? இப்போதே சாப்பாட்டில் உப்பைத் தாராளமாகப் போட்டு முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொள். அண்ணி சொல்கிறேன், பயப்படாதே.

அன்புடன்
அண்ணி

—

மார்ச் 17

அடியே,

உப்பை நிறுத்து. இந்தக் கடுதாசி கையில் கிடைத்த நிமிஷமே நிறுத்து. போனில் கூப்பிட்டேன், உன் மாமியார் எடுத்து, நீ தூங்குகிறாய் என்றார். உப்பைப் பற்றி அவரிடம் என்ன என்று சொல்வது? "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று வைத்துவிட்டேன்.

இன்றைக்குத் தையல் பிரிக்கப் போனேன். நானும் டாக்டருக்குச் சமமாக ஒரு வைத்தியம் சொல்லியிருக்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "என்னம்மா செஞ்சீங்க! நிறைமாசக்காரிக்கு உப்பை ஏத்தறதா? உப்பு இல்லாமலா பிரஷர் இறங்குது? ஊசி போட்ட அப்புறம் இறங்கறதை நாங்கதான் அப்போ பார்த்துக்கணும். அதை வீட்டுச் சமையலறையில வெச்சுச் சரி பண்ண முடியாது" என்று பிடிபிடி என்று பிடித்துவிட்டாள். பெற்ற தாயிடம்கூட நான் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை. நியாயமாகத்தான் திட்டினாள். தலை சுற்றலும் அதுவும் ஒன்று என்று நினைத்தது என் மடத்தனம்.

கால் வீங்கியிருக்கிறதா, தலை வலிக்கிறதா, கண்ணில் பூச்சி பறக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். ஏதாவது ஒன்று இருந்தால்கூட 20-ஆம் தேதி வரை காத்திருக்காமல் இன்றைக்கே போ. ஆபரேஷன் அன்றைக்கும் எப்போது வரை சாப்பிடலாம், எப்போது வரை தண்ணீர் குடிக்கலாம் என்று அங்கே சொல்வதுதான் சட்டம், என் பேச்சு வேண்டாம்.

உடனே பதில் போடு. "ஒண்ணுமில்லை" என்று போட்டால் நொண்டிக்கொண்டே வந்து உதைப்பேன், ஒரு கால் சும்மாதான் இருக்கிறது.

அண்ணி

—

மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

உப்பை நிறுத்தச் சொன்ன உங்கள் கடிதம் வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. பயப்படாதீர்கள். எனக்கும் குழந்தைக்கும் கெடுதல் இல்லை.

நீங்கள் சொன்னீர்கள் என்று நான் உப்பை அள்ளித்தான் போட்டுக்கொண்டேன். தட்டில் ஒரு குவியல் வைத்துத் தொட்டுத் தொட்டு. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. நேற்று அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் குனிந்து பார்த்து, "இது எத்தனை நாளா?" என்றார். நான் வழக்கம்போல, "ஒண்ணுமில்லை சிஸ்டர்" என்றேன். பின்னால் நின்ற மாமியார் விடவில்லை. "என்ன ஒண்ணுமில்லை? உப்பைப் பொரி மாதிரி தின்னுது சிஸ்டர் இது. கேட்டா சிரிக்குது."

உடனே பிரஷர் பார்த்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிகிற வரை அங்கேயே உட்காரவைத்தார்கள். அப்படியே மயக்க டாக்டரிடம் அனுப்பினார்கள். அறுபதை நெருங்கியவர், மீசை நரைத்தவர், அதட்டுவாரோ என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "எதுக்கும்மா அவ்வளவு உப்பு?"

ஊசி என்றால் பயம் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஆனால் உப்புக்கும் அதற்கும் முடிச்சுப் போட வரவில்லை, அண்ணி. பிரஷர் இறங்காமல் இருக்க என்றேன். எந்த பிரஷர் என்றார். அவ்வளவுதான், போன தடவையிலிருந்து ஆரம்பித்து அத்தனையும் கொட்டிவிட்டேன். மாமியார் பக்கத்திலேயே நின்றார். நான் முடித்தபோது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. "அன்னிக்கு எவ்வளவு பயந்திருப்பீங்க" என்றார். இதுவரை யாரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை. மொத்தமாகத் தூங்கவைக்கச் சொல்லிக் கேட்டேன். வேண்டுமானால் செய்யலாம், ஆனால் அதற்கும் தனியாகச் சில ஆபத்துகள் உண்டு, உங்கள் உடம்புக்கு முதுகு ஊசிதான் நல்லது என்பது என் எண்ணம், முடிவு உங்களுடையது என்றார். உங்கள் சின்ன டாக்டர் சொன்ன அதே பாட்டில், அதே மருந்து, அதே திண்டு. பிரஷர் இறங்கவே இறங்காது என்று இவரும் சத்தியம் பண்ணவில்லை. "புரட்டினா சொல்லுங்க, நான் உங்க தலைமாட்டை விட்டு நகர மாட்டேன்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஏப்ரல் 2. வீட்டுக்கு வந்ததிலிருந்து சரி என்று சொன்னது சரிதானா என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மாமியார் உப்பு டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வீட்டில் எல்லாருக்குமே இப்போது சப்பென்ற சாப்பாடுதான். அவர் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

உங்கள்
நாத்தனார்

—

மார்ச் 26

என் கண்ணே,

உன் மாமியார் என்னைத் தேட வேண்டாம், நானே போன் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். நல்ல மனுஷி. அரைமணி நேரம் திட்டிவிட்டு, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

நான் வருவதாக இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். காலை ஊன்றவே கூடாதாம், பஸ் ஏறுவது எங்கே? உன் அண்ணன் வருவார். வந்து வாசலில் நின்று எல்லாருக்கும் வழியை மறைப்பார், அது ஒன்று அவருக்கு நன்றாக வரும்.

சரி என்று சொன்னது சரிதானா என்று கேட்கிறாய். எனக்குத் தெரியாது. உப்பு விஷயத்துக்குப் பிறகு என் வாயை நானே நம்புவதில்லை. உன் டாக்டருக்குத் தெரியும். உனக்குத் தெரிந்தது ஒன்று இருக்கிறது, உன் வயிறு புரட்டுவது. அது உனக்குத்தான் முதலில் தெரியும். அதைச் சொல்வது தொந்தரவு இல்லையடி. அவர் அங்கே உட்கார்ந்திருப்பதே அதற்குத்தான். எங்கள் கேன்டீனில் சாப்பாட்டில் காரம் கூடிப்போயிற்று என்று முதல் பந்தியில் ஒருத்தன் சொல்லிவிட்டால் மிச்சப் பேர் பிழைத்துக்கொள்வார்கள். சொல்லாமல் கண்ணில் தண்ணீரோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறான் பார், அவனால்தான் எனக்குக் கெட்ட பெயர்.

அன்றைக்கு நான் இங்கே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அதுதான் தெரியாத வேலை.

அண்ணி

—

ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணிக்கு,

பெண். அண்ணன் போனில் சொல்லியிருப்பார். அவர் எடையை மாற்றிச் சொன்னதாக மாமியார் சொல்கிறார், இரண்டே முக்கால் கிலோ.

இப்போது தலையணை வைத்து உட்கார முடிகிறது. உங்களுக்கு எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று அங்கே படுத்திருக்கும்போதே நினைத்துக்கொண்டேன்.

உட்காரவைத்து முதுகை வளைக்கச் சொன்னார்கள். ஒரு நர்ஸ் என் நெற்றியைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஊசி போட்டதும் படுக்கவைத்து, வலது பக்கம் இடுப்புக்கு அடியில் திண்டைச் செருகினார்கள். மேஜையிலிருந்து உருண்டு விழப்போகிறேன் என்று தோன்றியது. போன தடவையானால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். "விழுந்துடுவேன் போல இருக்கு சார்" என்றேன். "விழ மாட்டீங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்றார் டாக்டர். நிஜமாகவே என் தோளில் கை வைத்திருந்தார்.

பக்கத்தில் ஒரு சின்ன மிஷின் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தது. கைப்பட்டை இறுக்கும், விடும், உடனே திரும்ப இறுக்கும். கால் கனத்தது. எனக்கு வாய் உலர்ந்தது. பிறகு அது வந்தது, அண்ணி. அடிவயிற்றிலிருந்து ஒரு புரட்டல், அதே புரட்டல். என் நாக்கு பழைய வார்த்தையைத்தான் முதலில் எடுத்தது. "ஒண்..." என்றுகூடச் சொல்லிவிட்டேன். அதை அப்படியே விழுங்கிவிட்டு, "புரட்டுது சார்! இப்பத்தான்! போன தடவை மாதிரியே!" என்று கத்தினேன். அவர் மிஷினில் ஏதோ திருகினார், கையில் ஒரு மருந்தும் ஏற்றினார். "கொஞ்சம் இறங்கப் பார்த்துச்சு, பிடிச்சாச்சு. மூச்சு விடுங்க, என்கிட்ட பேசிக்கிட்டே இருங்க" என்றார்.

விளக்கு மங்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், மங்கவில்லை. புரட்டல் அலை மாதிரி வந்து திரும்பிப் போயிற்று.

அவர் பேசிக்கொண்டே இருங்கள் என்றாரா, நான் பேச ஆரம்பித்துவிட்டேன். மூக்கு அரிக்கிறது என்றேன். பட்டை கிள்ளுகிறது என்றேன். மேலே விளக்கில் ஒரு பல்ப் எரியவில்லை என்றேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஆபரேஷன் செய்கிற அம்மா, "இவங்க லைப்ரரியில வேலை பார்க்கறவங்கன்னுதானே சொன்னீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே வயிற்றில் ஒரு அழுத்தம், ஒரு இழுப்பு, பிறகு அந்தச் சத்தம்.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு மூச்சு இழுத்து, கொஞ்சம் யோசித்து, பிறகு அழுதாள். சின்னதாக, கரகரவென்று. நான் கேட்டேன். முழுக்கக் கேட்டேன். பக்கத்தில் கொண்டுவந்து என் கன்னத்தில் அவள் கன்னத்தை வைத்தார்கள், ஈரமாக, சூடாக.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூத்தவள் தங்கையைப் பார்க்க வந்தாள். கட்டிலில் ஏறி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "நான் பிறந்தப்போ எப்படிம்மா அழுதேன்?" என்று கேட்டாள். அம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை, அத்தையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீங்கள்தானே அன்று கதவுக்கு வெளியே நின்றீர்கள். ஞாபகம் இருக்கிறதா, அண்ணி? இருந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். புனைந்து எழுத வேண்டாம்.

உங்கள்
நாத்தனார்

—

ஏப்ரல் 12

என் வாயாடிக்கு,

மூக்கு அரிக்கிறது என்று சொன்னாயாமே! அந்த டாக்டர் அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருப்பார்.

ஞாபகம் இருக்கிறதாவா? நான் அந்தக் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றவள். வாட்ச்மேன் இரண்டு தடவை விரட்டினான். மூன்றாவது தடவை அவனும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டான்.

புனையவில்லை, நடந்ததை எழுதுகிறேன். அவளிடம் அப்படியே படித்துக் காட்டு.

முதலில் உள்ளே பேச்சுச் சத்தம் வேகமாகக் கேட்டது. பிறகு அடங்கிற்று. அப்புறம் அழுதாள். அழுகையா அது? அதட்டல். பஸ்ஸில் தன் சீட்டில் எவனோ உட்கார்ந்துவிட்ட மாதிரி விட்டு விட்டு நாலு அதட்டு, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. வாட்ச்மேன், "வக்கீல் பொறந்திருக்குங்க" என்றான். உன் அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்கள். ஆட்டினேன், தட்டினேன், பாடினேன். நான் பாடியதும் இன்னும் உரக்கக் கத்தினாள், அதில் தப்பில்லை. உன்னை வெளி அறைக்குக் கொண்டுவந்த பிறகும் நிறுத்தவில்லை. நீ கண்ணை மூடிக் கிடந்தாய், முகத்தில் ரத்தமே இல்லை. நர்ஸ் சொன்னார் என்று அவளை உன் மார்பு ஓரமாகச் சாய்த்துப் பிடித்தேன். நான் விலகி நின்றால் விழுந்துவிடுவாளோ என்று பிடியை விடவில்லை.

உன் கை மெல்ல எழுந்தது. நீ விழிக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. அந்தக் கை காற்றில் கொஞ்சம் தேடிவிட்டு, அவள் முதுகு மேல் வந்து படிந்தது. என் கையை ஒதுக்கித் தள்ளிவிட்டுத்தான் படிந்தது. அவள் அதட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அண்ணி